தங்கை ஏறினால் நிற்கும் கார்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். என் தங்கை அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். காது சிவந்ததுமே எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் சுவரைப் பார்த்துக் கத்திவிட்டு அடங்குவேன். அறுபதுகளின் நடுவில் என் காது வருடக் கணக்கில் சிவந்தே கிடந்தது. காரணம் ஒரு கார்.

கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் எனக்கு வேலை. அங்கே மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் வேலையை விட்டுச் சீமைக்கே திரும்பிப் போகும்போது தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கேட்பார் இல்லாமல் விட்டுப் போகவேண்டி வந்தது. இரண்டே சீட். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துக் கட்ட ஒரு கான்வாஸ் துணி, அதிலும் கிழிசல். யாருக்கு வேண்டும்? குடும்பத்தை ஏற்ற முடியாது, மூட்டை போட முடியாது. தினமும் சாயந்திரம் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பது அவருக்குத் தெரியும். போகிற அன்று சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு ஓட்டி வந்தபோது அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பாதி காரு எங்கடா?" என்று கேட்டார்.

அழகான கார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரம். பெட்ரோல் டாங்க் மற்ற கார்களில் போல உள்ளே ஒளிந்திராது. பின்னால் வெளியிலேயே, முதுகில் மாட்டிய பெட்டி மாதிரி நிற்கும். அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளி நிற மூடி பளபளக்கும். ஓடும்போது ராஜாதான். நிற்கும்போதுதான் தகராறு.

பெடலிலிருந்து காலை எடுத்தால் போதும், இன்ஜின் இரண்டு குலுக்குக் குலுங்கி அணைந்துவிடும். ரயில்வே கேட் போட்டிருந்தால் தீர்ந்தது. பின்னால் மாட்டு வண்டிகள், ஒரு பஸ். எனக்கு முன்னால் கேட் திறந்துகொண்டிருக்கும், என் கார் மட்டும் உயிரில்லாமல் கிடக்கும். "தள்ளணுமா சார்?" என்று கேட்காத ஆள் முதுநகரில் இல்லை. கெடிலம் பாலத்தின் நடுவில் ஒருமுறை நின்றபோது, மீன் கூடையோடு தேவனாம்பட்டினத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளினார்கள். சீட்டில் மீன் வாடை போக வெகுநாள் ஆனது.

பள்ளியில் என்னோடு படித்தவன் ஒருவன் மஞ்சக்குப்பத்தில் லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். பார்த்ததுமே, "ஸ்லோல இன்ஜின் ஓடமாட்டேங்குது மச்சான், கார்புரேட்டர்ல தூசி" என்றான். கழற்றி ஊதினோம். ப்ளக் மாற்றினோம். ப்ளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். ஒவ்வொன்று செய்ததும் ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் பழைய குருடி. இந்தக் காருக்கு ஒன்றில்லை, இரண்டு கார்புரேட்டர் என்பதுதான் சிக்கல். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். ஒன்று அதிகமாக இழுத்து மற்றது சும்மா இருந்தால், வேகத்தில் தெரியாது. நின்றபடி மெதுவாக ஓடுகையில்தான் காட்டிக் கொடுக்கும். மாட்டு வண்டியில் ஒரு மாடு இழுக்க, ஒன்று கூடவே நடந்து வருகிற கதைதான்.

இழுக்கிற அளவைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும் என்பது வெள்ளைக்காரர் விட்டுப் போன புத்தகத்தில் இருந்தது. மருந்துக் கடையில் போய் ரப்பர் குழாய் வாங்கி வந்தேன். எதற்கென்று கடைக்காரர் கேட்க, காருக்கு என்றேன். எனிமா குழாயா காருக்கு என்று அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. குழாயின் ஒரு முனை கார்புரேட்டரின் வாயில், மறுமுனை என் காதில். ஒன்று 'உஸ்ஸ்' என்று இரைந்தது. மற்றதில் தூங்குகிறவன் மூச்சு. இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்பியைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, இந்தக் குழாயை அங்கே வைத்து இங்கே வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. கடைசியில் இரண்டும் ஒரே குரலில் பேசின. காலை எடுத்தேன். நிற்கவில்லை. இன்ஜின்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தோம், தண்ணீர் லேசாக நடுங்கியதோடு சரி. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரன் என்னைப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆனவன்கூட இம்மாம் சந்தோசப்பட மாட்டான்டா" என்றான்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லைதான். தங்கைக்கு முடிந்த பிறகுதான் எனக்கு என்று வீட்டில் பேச்சு. அவள் கல்யாணமோ ஒருமுறை வாசல்வரை வந்து திரும்பிப் போயிருந்தது. பண்ருட்டிப் பக்கத்து வரன். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, பந்தக்கால் நடப்போகிற சமயத்தில் வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லது, சொல்லாததால் ஊரே ஆளுக்கொரு காரணம் சொன்னது. எல்லாம் கடைசியில் பெண்ணுக்கு ஏதோ தோஷம் என்ற இடத்தில் வந்து நின்றன. அம்மா அதை மறுக்கவில்லை. எனக்கு அம்மாமேல் இருந்த ஒரே கோபம் அதுதான்.

தங்கை அழுது நான் பார்க்கவில்லை. வெளியில் போவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதனால்தான் கார் சரியானதும் முதல் காரியமாக, "கெளம்பு, திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்றேன். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு வந்து காருக்குப் பூஜை போட்டாள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், கற்பூரம், மூக்கிலும் ஸ்டீரிங்கிலும் பொட்டு, பின்னால் டாங்க்கிலும் பொட்டு. இரண்டு சீட்தானே, அம்மா பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. சந்தோஷமாகக் கிளம்பினோம். பாதி வழியில் கார் இருமியது, திணறியது, நின்றது.

பெட்ரோல் இல்லையோ என்று சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு இறங்கி, டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். தளும்பத் தளும்ப இருந்தது. மூடிவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. இன்னும் கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி இறங்கினேன், குச்சி விட்டேன், கிளம்பியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மா கோயில் வாசலில் பூக்கூடையோடு காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் வழக்கப்படி காரை முதலில் கழுவித் துடைத்தேன். பிறகு மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுபோனேன். நானும் ஒர்க்‌ஷாப்காரனும் அதிலேறி ஆலப்பாக்கம் வரை போய்த் திரும்பினோம். ஒரு இருமல் இல்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினோம், சுத்தம். டாங்க்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மின்சாரத்தில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று உண்டு; கார்புரேட்டருக்குப் பெட்ரோல் தேவைப்படும்போதெல்லாம் 'டக் டக்' என்று அடிக்கும். அதையும் பிரித்துப் பார்த்தோம். "ஒன்னும் இல்ல மச்சான், வண்டி ரொம்ப நல்லாருக்கு" என்றான். அப்படியானால் ஏன் நின்றது? அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அடுத்தது உறவில் ஒரு வளைகாப்பு. அதற்கடுத்து தங்கை தானாகவே கேட்டாள் என்று கடற்கரை. இரண்டு முறையும் அம்மா பூஜை போட்டு அனுப்பினாள். முன்பு நின்ற பயத்தில் சந்தனம் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. இரண்டு முறையும் கார் நடுவழியில் நின்றது. வீடு வந்ததும் கழுவினேன், தனியாக ஓட்டிப் பார்த்தேன், சிதம்பரம் வரைக்கும்கூடப் போய் வந்தேன். மெக்கானிக் வைத்தியரிடம் போகும்போது மட்டும் வலி இல்லாத நோயாளி போல அது சமர்த்தாக ஓடியது.

கடற்கரையிலிருந்து திரும்புகிற வழியில், நின்ற காருக்குள் முந்தானையால் தலையை மூடி, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்:

"நீ தனியா போனா ஓடுது. நான் ஏறுனா நிக்குது. வுடுண்ணே. எனக்கு எதுவுமே பாதிலதான் நிக்கும்."

என் காது சிவந்தது. அன்று அவளுக்கு எழுந்து போக அடுக்களை இல்லை. நடுரோட்டில் நின்று, இரும்புக்கும் பெட்ரோலுக்கும் நீ யார் என்று தெரியுமா, நீ ஏறியது அதற்கு எப்படித் தெரியும் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவளை நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. ஓடியது, நின்றது என்று நானே எண்ணிப் பார்த்தாலும் கணக்கு அவள் பக்கம்தான் பேசியது. அன்றிலிருந்து எனக்குக் காரைச் சரிசெய்வது பொழுதுபோக்காக இல்லை. அது நிற்பதற்கு வேறொரு காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால், இவள் தன்னையே காரணமாக வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க இருந்துவிடுவாள்.

அடுத்த தை மாதத்தில் சிதம்பரத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே காலேஜ் லேபில் வேலை. முந்தைய கதையைச் சொல்லிவிட்டோம். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும், "எங்க பக்கம் பேசுறவுங்க பேசுவாங்க. நாம நல்லபடியா நடத்திக் காட்டணும்" என்றார். கல்யாணம் அவர்கள் ஊரில். முதல் நாள் சாயந்திரம் பெண் அழைப்பு. அதாவது எங்கள் பக்க வழக்கப்படி, பெண் ஊருக்கு வந்து சேர்ந்ததும் பிள்ளையார் கோயிலில் உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டார் சீர்த் தட்டோடு வந்து மாலை போட்டு, மேளதாளத்தோடு வீதி வழியாக மண்டபத்துக்கு அழைத்துப் போகவேண்டும். என் கார் திறந்த கார் என்று கேள்விப்பட்டு, பெண் அதிலேயே வரட்டும் என்று அவர்களே ஆசைப்பட்டார்கள்.

"வாடகைக் காரு பேசிடுண்ணே" என்றாள் தங்கை. அம்மாவும் அதையே சொன்னாள். நான் முடியாது என்றேன். வீம்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ, அவள் வாடகைக் காரில் போனால் தன்னால்தான் என் கார் நிற்கிறது என்ற எண்ணத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டுதான் போவாள் என்று பட்டது. அதே சமயம், எல்லோருக்கும் முன்னால் நின்றுவிட்டால்? ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தேன். நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் மண்டபம் வரை போகவேண்டும் என்பதால், ஒர்க்‌ஷாப்காரனை முன்னால் நடக்கவிட்டு, அவன் பின்னால் மஞ்சக்குப்பம் முழுக்க ஊர்ந்தேன். கார் தேர் மாதிரி வந்தது. காலியான ஊர்வலம் எங்கே போகிறது என்று ஆட்கள் கேட்டார்கள்.

காரை நான் முன்பே தனியாகச் சிதம்பரத்துக்கு ஓட்டிப்போய் விட்டேன். மற்றவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பினேன், எந்தக் குறையும் வைக்கக்கூடாது என்று. பிள்ளையார் கோயில் வாசலில் அம்மா பூஜைக்கு வந்தாள். இந்த முறையாவது நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே பூசினாள். ஒவ்வொரு பொட்டும் அடை தட்டியதுபோல விழுந்தது.

தங்கை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் நேரம். பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசை ஆட்கள், முன்னால் மேளம், பின்னால் பெண்கள். கீழவீதியில் திரும்பினோம். இன்ஜின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். தங்கை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

தெற்கு வீதியில் பம்ப் சத்தம் மாறியது. 'டக் டக்' என்று அடித்தது, 'டக்' என்று ஒன்று அடித்து வெகுநேரம் யோசித்தது. கல்லை இழுக்கிற மாதிரி ஒரு அடி. அதோடு சரி. இன்ஜின் இருமியது. நான் பெடலை மிதித்தேன், மிதித்தது வீண். நடுவீதியில், அத்தனை வெளிச்சத்தில், கார் நின்றுவிட்டது.

மேளம் இரண்டடி தள்ளிப் போய் நின்றது. பின்னால் பெண்கள் பேச்சு அடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு முன்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"நான் எறங்கி நடந்துடறேன்ணே" என்றாள் தங்கை. குரலில் அழுகை இல்லை. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவள் பேசுகிற மாதிரி பேசினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"ஒக்காரு!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுக் குதித்து இறங்கினேன். அந்த அவசரத்தில் எப்போதும் எடுக்கிற சாவியை எடுக்க மறந்துவிட்டேன். பழக்க தோஷத்தில் நேராகப் பின்னால் போய் டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. அந்தக் கணமே முன்னால் பம்ப் 'டக்டக்டக்டக்' என்று தாகம் தீரக் குடிக்கிறதுபோல விடாமல் அடித்தது.

இத்தனை நாளும் சாவியை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன். அதனால் பம்ப் அடிக்கும் இந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை; 'உஸ்'ஸைப் பெட்ரோல் ஆவி என்று விட்டிருந்தேன். மூடியைத் திறந்ததும் பம்ப் ஓடுகிறது என்றால், மூடி இருந்தபோது எதுவோ அதைப் பிடித்து வைத்திருந்தது. கையிலிருந்த மூடியைப் புரட்டி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்தேன். அடிப்பக்கத்தில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை, காற்று போவதற்கு. மேல்பக்கம் அதன்மேல் சரியாக, ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து இறுகி, நடுவில் குங்குமத்தோடு சிரித்தது.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. பெட்ரோல் போகப் போக உள்ளே காற்று வரவேண்டும். வழியை அடைத்தால் பம்ப் எவ்வளவு நேரம் இழுக்கும்? நான் தனியாகப் போகும்போது யார் பூஜை போட்டார்கள்? ஒவ்வொரு முறையும் வீடு வந்ததும் அதைக் கழுவிவிட்டுத்தானே ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்? நடுவீதியில் நின்று நான் சிரித்தேன். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அண்ணனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

மூடியைக் கொண்டுபோய்த் தங்கையின் மடியில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். துளை தெரிந்தது. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி அதன் வழியாகப் பார்த்தாள்.

"எண்ணெ டின்னுக்கு ரெண்டு ஓட்ட போடுவமே, ஒன்னு போட்டா ஊத்தாதுன்னு. அதானேண்ணே?"

"அதேதான்."

"அப்ப நான் ஏறுனதால இல்லயா?"

"நீ ஏறுனா அம்மா பூச போடுறா. பூச போட்டா அது மூச்சு முட்டி நிக்குது. உனக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மாவும், அவருக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக எங்கள் அம்மாவும் வந்துவிட்டார்கள். அம்மாவின் கையில் சந்தனக் கிண்ணம். கண்ணில் தண்ணீர். இன்னும் கொஞ்சம் பூசினால் சரியாகிவிடும் என்று வந்திருக்கிறாள். தங்கை மணப்பெண் என்பதை மறந்து, அத்தனை பேருக்கு நடுவில் மூடியை அம்மாவுக்கு நீட்டினாள்.

"அம்மா, இந்தத் தொளைய அடச்சது உன் சந்தனம். அதுலதான் வண்டி நின்னுது. ஒவ்வொரு தடவையும்."

இவள் ஏன் இப்போது சொல்கிறாள், அம்மா இதைத் தாங்குவாளா? அம்மா மூடியைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னாலயாடா?"

நான் தலையாட்டினேன்.

"நல்லாத் தெரியுமா? என்னாலதானே? வேற ஒன்னும் இல்லயே?"

"இல்லம்மா. சந்தனந்தான்."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் போல ஒரு முகம் மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பழி தன்மேல் வந்து விழுந்ததற்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா? கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, வீதியே கேட்கச் சொன்னாள்: "எல்லாம் என்னாலதாங்க சம்பந்தி! நான்தான் நிக்க வச்சிருக்கேன், இத்தினி நாளா! எம் பொண்ணுமேல ஒன்னுமே இல்லீங்க!"

மாப்பிள்ளையின் அம்மா மூடியை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு என் பையனுக்குக் கொஞ்சம் கம்மியாப் பூசுங்க சம்பந்தி" என்றார்.

முதலில் சிரித்தது மேளக்காரர். பிறகு விளக்குத் தூக்கியவர்கள், அப்புறம் வாசல்களில் நின்றவர்கள். நான் தங்கையின் ஜடைக்குஞ்சத்தில் குத்தியிருந்த ஒரு குண்டூசியை உருவித் துளையைக் குத்திச் சுத்தம் செய்து மூடியைப் போட்டேன். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. மேளம் மறுபடி ஆரம்பித்தது. பட்ட அவமானம் போதும், சட்டென்று மண்டபத்தைப் பிடிக்கலாம் என்று நான் பெடலை அழுத்தினேன்.

தங்கை என் கையைத் தொட்டாள். தலை நிமிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எதுக்கு அவசரம்? மெதுவாவே போண்ணே" என்றாள். "எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."